கீசர் சுடுது, டேப்ல பச்சத்தண்ணி வருது: ஒரு வீட்டு சுடுதண்ணி பிரச்சனையோட முழு நிகழ்வு ஆய்வு

சுடுதண்ணி வரலன்னு சொன்ன உடனே எல்லாரும் கை வைக்கிறது கீசர் மேலதான். மூடியைக் கழட்டு, எலிமெண்ட் (தண்ணியைச் சூடாக்குற கம்பி) போயிருக்கும், தெர்மோஸ்டாட் (வேண்டிய சூடு வந்தா கரண்ட்டை நிறுத்துறது) போயிருக்கும், உள்ள உப்பு பிடிச்சிருக்கும், எதுவும் இல்லன்னா பெரிய கீசரா மாத்திடு. இந்த வீட்டுல பெரிய கீசர் வாங்குறது ஒண்ணுதான் பாக்கி, மத்ததெல்லாம் செஞ்சு பாத்து முடிச்சிருந்தாங்க, ஆனா கிச்சன்ல பாத்திரம் கழுவ ஒரு பக்கெட் சுடுதண்ணி ஒழுங்கா வரல. கடைசியில பாத்தா கீசருக்கும் இந்தக் கோளாறுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த மாதிரி வீடுகள் நிறைய இருக்கும்னு நான் உறுதியா நம்புறேன், பிரச்சனை என்னன்னே தெரியாம நல்ல எலிமெண்ட்டை குப்பையில போட்டுட்டு இருக்காங்க, அதனாலதான் இதை முதல்ல இருந்து கடைசி வரைக்கும் விலாவாரியா எழுதுறேன்.

புகார்

வீட்டுக்கார அக்கா சொன்னதை அப்படியே எழுதுறேன், ஏன்னா விடை முழுக்க இதுக்குள்ளயே இருந்துச்சு. "தம்பி, காலையில முதல் ஆள் குளிக்கும்போது ஏதோ பரவாயில்ல, அதுக்கப்புறம் கிச்சன்ல தொறந்தா பச்சத்தண்ணி. ஒரு நாள் நல்லா வரும், மறுநாள் வராது. இன்னொண்ணு, டேப்பை கொஞ்சமா தொறந்தா சுத்தமா சூடு இல்ல, முழுசா தொறந்து விட்டா லேசா வெதுவெதுன்னு வரும். இதைச் சொன்னா எல்லாரும் சிரிக்கிறாங்க."

இதுல சிரிக்க ஒண்ணுமே இல்ல, அவங்க ரொம்ப சரியா கவனிச்சிருக்காங்க. டேங்க் வெச்ச கீசர்ல டேப்பை எவ்ளோ தொறந்தாலும் வர்ற தண்ணியோட சூடு கிட்டத்தட்ட ஒண்ணாதான் இருக்கணும். உடனடி கீசரா இருந்தா மெதுவா விட்டா சூடு கூடும், வேகமா விட்டா குறையும். இந்த வீட்டுல நடந்தது ரெண்டுக்குமே நேர் எதிர்: மெதுவா விட்டா பச்சத்தண்ணி, வேகமா விட்டா வெதுவெதுப்பு. டேங்க் வெச்ச கீசர் எப்படி கெட்டுப்போனாலும் இப்படி நடக்காது. அப்போ தண்ணி வேற எங்கிருந்தோ வருதுன்னு எனக்கு அங்கயே சந்தேகம் தட்டிடுச்சு, ஆனாலும் சந்தேகத்தை நம்பி எதையும் கழட்டக் கூடாதுன்னு வரிசையா பாத்துட்டு வந்தேன்.

லைன் எப்படி போகுது

மொட்டை மாடியில ஓவர்ஹெட் டேங்க். அதுல இருந்து பழைய லைன் ஒண்ணு நேரா இறங்கி 25 லிட்டர், 2 கிலோவாட் கீசருக்குப் போகுது, பம்ப் எதுவும் இல்ல, டேங்க் உயரத்துல கிடைக்கிற அழுத்தம் மட்டும்தான். கீசரோட ஹாட் லைன் ரெண்டு பாத்ரூமுக்கும் கிச்சனுக்கும் பிரியுது. கோல்ட் தண்ணிக்கு தனி லைன், அதுல கொஞ்ச காலம் முன்னாடி ஒரு பிரஷர் பம்ப் மாட்டியிருக்காங்க, டேப் தொறந்தா தானா ஓடும், மூடினா நிக்கும். அந்தப் பம்ப்பை கீசர் லைனுக்குக் கொடுக்கல, கீசர் அழுத்தம் தாங்காம வெடிச்சிடும்னு யாரோ பயமுறுத்தியிருக்காங்க.

ஆக ஒரே மிக்சருக்கு (ஹாட்டையும் கோல்டையும் கலந்து விடுற டேப்) ரெண்டு பக்கமும் ரெண்டு வேற அழுத்தத்துல தண்ணி வருது. டேங்க்ல இருந்து டேப் வரைக்கும் 4 மீட்டர் உயரம்னா 0.4 பார் அழுத்தம் கிடைக்கும் (பார்ங்கிறது அழுத்தத்தோட அளவு, 10 மீட்டருக்கு 1 பார்னு கணக்கு வெச்சுக்கோங்க). பம்ப் கொடுக்கிறது 1.5 பார் பக்கம். கோல்ட் பக்கம் ஹாட் பக்கத்தை விட மூணு மடங்குக்கு மேல பலமா தள்ளுது. இதை மனசுல வெச்சுக்கோங்க, மத்த எல்லாமே இதுல இருந்துதான் வருது.

எப்போ இருந்து பிரச்சனைன்னு கேட்டா "பம்ப் போட்டதுக்கு அப்புறம்தான் தம்பி, ஆனா பம்ப்புக்கும் சுடுதண்ணிக்கும் என்ன சம்பந்தம்?"னு கேட்டாங்க. எந்தக் கோளாறா இருந்தாலும் அதுக்கு முன்னாடி வீட்டுல என்ன புதுசா மாறிச்சுன்னு முதல்ல கேக்கணும், அந்த மாற்றம் கீசர்லதான் இருக்கணும்னு ஒண்ணும் இல்ல.

இதுக்கு முன்னாடி செஞ்சது

வந்த எலக்ட்ரீஷியன் முதல்ல தெர்மோஸ்டாட்டை மாத்தியிருக்காரு. சரியாகல. அப்புறம் எலிமெண்ட்டைக் கழட்டிப் பாத்தப்ப வெள்ளையா உப்பு படிஞ்சிருந்துச்சாம், "இதாங்க காரணம், இவ்ளோ உப்பு இருந்தா எப்படி சூடேறும்"னு சொல்லி புது எலிமெண்ட் போட்டிருக்காரு. அப்பவும் சரியாகல.

பழைய எலிமெண்ட்டை நல்லவேளையா தூக்கிப் போடாம வெச்சிருந்தாங்க, மல்டிமீட்டர் வெச்சுப் பாத்தேன், 26 ஓம் சொச்சம் காட்டுச்சு. 230 வோல்ட்ல 2 கிலோவாட் எலிமெண்ட்டுக்கு இருக்க வேண்டிய அளவே அதுதான், வோல்ட்டை வோல்ட்டால பெருக்கி வாட்டால வகுத்தா 26.45 வரும். மேல்கூட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல கசிவும் காட்டல. நல்ல எலிமெண்ட்.

உப்பு விஷயத்தை இங்க கொஞ்சம் நின்னு சொல்லணும், ஏன்னா இந்தத் தப்பு எங்கயும் நடக்குது. கடினத் தண்ணியில இருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டா கால்சியம் கார்பனேட்டா மாறி எலிமெண்ட் மேல ஓடு மாதிரி படியும். அது கெடுதல்தான், ஆனா அதனால தண்ணி சூடாகாம போகாது. எலிமெண்ட் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்கு, 2 கிலோவாட் கரண்ட் உள்ள போச்சுன்னா அந்தச் சூடு தண்ணியைத் தவிர வேற எங்க போகும்? உப்பு ஓடு இருந்தா உள்ள எலிமெண்ட்டோட சொந்த சூடு ரொம்ப ஏறும், அதனால சீக்கிரம் வெடிச்சோ எரிஞ்சோ போகும், ஆயுசு குறையும். தெர்மோஸ்டாட் குழாய் மேல மொத்தமா படிஞ்சா சீக்கிரமே ஆஃப் ஆகலாம், டேங்க் அடியில நிறைய சேந்தா தண்ணி கொள்ளளவு குறையும். கேஸ்ல எரியிற ஹீட்டர் கதை வேற, அங்க உப்பு பிடிச்சா சூடு தண்ணிக்குள்ள இறங்காம புகையோட வெளிய போயிடும். ஆனா கரண்ட் கீசர்ல உப்பைப் பாத்த உடனே இதுதான் காரணம்னு முடிவு கட்டுறது தப்பு. உப்பைச் சுத்தம் பண்ணுங்க, நல்லதுதான், அதோட நிறுத்திடாதீங்க.

பிரிச்சுப் பாத்தது

நான் எப்பவும் கேக்குறது இதுதான்: சூடு உண்டாகுதா, உண்டான சூடு கீசர் டேங்க்ல நிக்குதா, டேங்க்ல நிக்கிற சூடு டேப்புக்கு வந்து சேருதா. இது வேற வேற கோளாறு, வேற வேற ஆளு செய்யிற வேலை. இதைப் பிரிக்காம ஸ்பேனரை எடுத்தா காசும் நேரமும்தான் போகும்.

சூடு உண்டாகுதான்னு பாக்க மூடியைக் கூட திறக்க வேண்டியதில்ல. தண்ணி நல்லா ஆறிப்போன நிலைமையில கீசரை ஆன் பண்ணி கிளாம்ப் மீட்டரை (வயரைக் கவ்விப் பிடிச்சு கரண்ட்டை அளக்குற கருவி) வயர்ல போட்டோம், 8.6 ஆம்ப். 2 கிலோவாட்டை 230 ஆல வகுத்தா 8.7. சரியா இருக்கு. கிளாம்ப் மீட்டர் இல்லாதவங்க கடிகாரம் வெச்சே பாக்கலாம். 25 லிட்டர் தண்ணியை 25 டிகிரியில இருந்து 60 டிகிரிக்கு ஏத்தணும்னா 35 டிகிரி ஏத்தணும், ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏத்த 4.2 கிலோஜூல் வேணும், பெருக்கினா 3,675 கிலோஜூல், அதாவது ஒரு யூனிட் கரண்ட்டை விட துளி அதிகம். 2 கிலோவாட் எலிமெண்ட் இதை முடிக்க அரை மணி நேரம் ஆகும். ஆன் பண்ணி ஏறக்குறைய அந்த நேரத்துல இண்டிகேட்டர் அணைஞ்சா கீசர் தன் வேலையை ஒழுங்கா செய்யுதுன்னு அர்த்தம். அஞ்சு நிமிஷத்துல அணைஞ்சா தெர்மோஸ்டாட் சந்தேகம், ரெண்டு மணி நேரமா அணையவே இல்லன்னா எங்கயோ தண்ணி போய்கிட்டே இருக்கு, இல்லன்னா வோல்டேஜ் ரொம்பக் கம்மி (வோல்டேஜ் 230ல இருந்து 200க்கு இறங்கினா 2,000 வாட் எலிமெண்ட் 1,500 வாட்தான் கொடுக்கும், அரை மணி நேரம் 40 நிமிஷமா ஆகும்). இண்டிகேட்டர் எரியவே இல்லன்னா எம்சிபி (கரண்ட் அதிகமானா தானா விழுற ஸ்விட்ச்), பிளக், அதுக்கப்புறம் கீசருக்குள்ள இருக்கிற தெர்மல் கட்-அவுட் (சூடு அளவு மீறினா கரண்ட்டை வெட்டுறது), இதையெல்லாம் பாக்கணும். இந்த வீட்டுல அரை மணி நேரம் தாண்டின கொஞ்ச நேரத்துல அணைஞ்சுது. அவுட்லெட் பைப் கீசரை விட்டு வெளிய வர்ற இடத்துல தெர்மாமீட்டரை ஒட்டி வெச்சேன், 58 டிகிரி. சூடு உண்டாகுது.

டேங்க்ல நிக்குதா? ஆஃப் பண்ணி ஒரு மணி நேரம் கழிச்சு பாத்தப்ப பெருசா இறங்கல. நிக்குது.

இப்போ கிச்சனுக்குப் போய் ஹாட் டேப்பைத் தொறந்தோம். பச்சத்தண்ணி. பைப் நீளம்னால வர லேட் ஆகுதோன்னு நினைக்கலாம், அதையும் கணக்கு போட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்: உள் விட்டம் 15 மில்லிமீட்டர் பைப் 10 மீட்டருக்கு 1.8 லிட்டர் தண்ணி பிடிக்கும், நிமிஷத்துக்கு 3 லிட்டர் வர்ற டேப்ல அந்த ஆறின தண்ணி வெளிய போக 35 செகண்ட் போதும், பைப் சூடேற இன்னும் கொஞ்சம் சேத்துக்கோங்க. நாங்க 10 லிட்டர் பக்கெட்டே நிரப்பிட்டோம், இன்னும் பச்சத்தண்ணிதான்.

அந்தப் பக்கெட் நிரம்பின உடனே நான் கீசரோட இண்டிகேட்டரைப் போய் பாத்தேன். அணைஞ்சேதான் இருக்கு. இந்த ஒரு விஷயம்தான் இந்த மொத்தக் கேஸையும் உடைச்சது, அதனால பொறுமையா சொல்றேன். சுவர்ல நிக்கிற கீசர்ல பச்சத்தண்ணி அடியில நுழையும், சுடுதண்ணி உச்சியில இருந்து எடுக்கப்படும், எலிமெண்ட்டும் தெர்மோஸ்டாட்டும் அடிப்பக்கம் இருக்கும். ஹாட் டேப்ல 10 லிட்டர் எடுத்தா அதே 10 லிட்டர் பச்சத்தண்ணி அடியில வந்து தெர்மோஸ்டாட்டைத் தொடும், உடனே டிக்னு ஆன் ஆகி இண்டிகேட்டர் எரியணும். எரியல. அப்போ கீசருக்குள்ள பச்சத்தண்ணி வரல. வரலன்னா சுடுதண்ணி வெளிய போகல. போகலன்னா பக்கெட்ல இருக்கிற இந்த 10 லிட்டர் கீசர்ல இருந்து வந்ததே இல்ல. எந்தக் கருவியும் வேணாம், ஒரு சின்ன சிவப்பு லைட்டைப் பாக்கத் தெரிஞ்சா போதும்.

ரெண்டாவது தடயம் சத்தம். ஹாட் டேப்பைத் தொறந்தப்ப மாடியில பிரஷர் பம்ப் ஓடுற சத்தம் கேட்டுச்சு. பம்ப் கோல்ட் லைனுக்கு மட்டும்தான் மாட்டியிருக்கு, ஹாட் டேப்புக்கு அது எதுக்கு ஓடணும்? அக்கா கிட்ட கேட்டேன், "அது எப்பவும் ஓடும் தம்பி"ன்னாங்க.

உறுதி பண்ணின சோதனை

இது யார் வேணாலும் வீட்டுல செய்யலாம். கீசர் ஸ்விட்சையும் எம்சிபியையும் ஆஃப் பண்ணிட்டு, கீசருக்குள்ள தண்ணி போற வால்வை முழுசா மூடிடணும். எல்லா டேப்பையும் எப்பவும் வெச்சிருக்கிற மாதிரியே விட்டுடணும், இதுக்காக எதையும் தொடக் கூடாது. அப்புறம் ஏதாவது ஒரு ஹாட் டேப்பைத் தொறங்க. கீசருக்கே தண்ணி வரலங்கிறதால பைப்ல இருக்கிற கொஞ்சம் தண்ணி வந்துட்டு நின்னுடணும். நிக்காம வந்துகிட்டே இருந்தா கோல்ட் லைன் தண்ணி எங்கயோ ஹாட் லைனுக்குள்ள புகுந்து வருதுன்னு அர்த்தம், அதுல சந்தேகமே வேணாம்.

இந்த வீட்டுல வால்வை மூடின அப்புறமும் கிச்சன் ஹாட் டேப்ல தண்ணி குறையாம கொட்டுச்சு. பக்கத்துல நின்ன அக்கா வீட்டுக்காரர் "கீசரே மூடிக்கிடக்கு, அப்புறம் எப்படிங்க வருது?"ன்னு என் முகத்தைப் பாத்தாரு. அந்தக் கேள்வி அவரே கேட்டதுல எனக்கு ரொம்ப சந்தோஷம், ஏன்னா இதுக்கு அப்புறம் பெரிய கீசர் வாங்கணும்னு அவர் பேச்சே எடுக்கல.

எங்க கலக்குது

ஹாட்டும் கோல்டும் சேர்ற இடம் எல்லாமே சந்தேகப் பட்டியல்ல வரும்: ஷவர் மிக்சர், வாஷ்பேசின் மிக்சர், சிங்க் மிக்சர், ரெண்டு லைனும் கொடுத்த வாஷிங் மெஷின். ஒண்ணொண்ணா போய் பாத்தோம்.

முதல் பாத்ரூம்லயே ஆள் சிக்கிட்டாரு. சுவர்ல ரெண்டு கைப்பிடி வெச்ச மிக்சர், அதுல ஹேண்ட் ஷவர், ஷவர் தலையிலயே தண்ணியை நிறுத்துற ஒரு பட்டன். அவங்க பையன் ஹாட் கைப்பிடியையும் கோல்ட் கைப்பிடியையும் தனக்குப் பிடிச்ச சூட்டுக்கு ஒரு தடவை செட் பண்ணிட்டு, அதுக்கப்புறம் அதைத் தொடுறதே இல்ல, பட்டனை அமுக்கினா தண்ணி வரும், விட்டா நிக்கும். பாக்க எல்லாம் மூடியிருக்கிற மாதிரிதான் இருக்கு, ஒரு சொட்டு கூட ஒழுகல. ஆனா மிக்சர் உடம்புக்குள்ள ரெண்டு வழியும் தொறந்தே கிடக்கு, வெளிய போற வழி மட்டும்தான் அடைச்சிருக்கு. 1.5 பார் அழுத்தத்துல நிக்கிற கோல்ட் தண்ணிக்கு வெளிய போக வழி இல்ல, பக்கத்துல 0.4 பார்ல நிக்கிற ஹாட் பைப் தொறந்திருக்கு, அது அங்கதான் போகும். கிச்சன்ல ஹாட் டேப் தொறந்தா கீசர் தண்ணி வர்றதுக்கு முன்னாடி இந்தத் தண்ணி முந்திக்கும். கீசர் வாசல்ல சேஃப்டி வால்வோட (அழுத்தம் அதிகமானா தண்ணியை வெளிய விடுறது) சேந்து ஒரு நான்-ரிட்டர்ன் வால்வ் (தண்ணியை ஒரு பக்கமா மட்டும் விடுறது) இருக்கு, ஹாட் லைன்ல அழுத்தம் அதிகமா இருக்கிற வரைக்கும் அது மூடியே இருக்கும், கீசருக்குள்ள தண்ணியும் வராது, வெளியவும் போகாது. கொதிக்கிற தண்ணி உள்ளயே சிறைப்பட்டுக் கிடக்கு.

அக்கா சொன்ன மூணு விஷயமும் இப்போ தானா பொருந்துது. முதல் ஆள் குளிக்கும்போது சரியா வருது, ஏன்னா அவர் பையனுக்கு முன்னாடி அதே மிக்சர்ல குளிச்சிட்டு கைப்பிடியை ஒழுங்கா மூடுறவரு. ஒரு நாள் வருது ஒரு நாள் வரல, பையன் எப்போ குளிச்சான், அதுக்கப்புறம் யாராவது கைப்பிடியை மூடினாங்களாங்கிறதைப் பொறுத்து. டேப்பை முழுசா தொறந்தா வெதுவெதுப்பு, ஏன்னா நிறைய தண்ணி போகும்போது ஹாட் லைன்ல அழுத்தம் இறங்குது, 0.4க்குக் கீழ போற நேரத்துல கீசரும் கொஞ்சம் கொடுக்க ஆரம்பிக்குது. பம்ப் போடுறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் ஒரே டேங்க், ஒரே அழுத்தம், அப்பவும் மிக்சர் தொறந்திருந்தா லேசா கலந்திருக்கும், ஆனா யாருக்கும் தெரியிற அளவுக்கு இல்ல.

அந்த ரெண்டு கைப்பிடியையும் மூடின உடனே கிச்சன் டேப் நூல் மாதிரி ஆயிடுச்சு. ஆனா நிக்கல, அந்த நூல் வந்துகிட்டே இருந்துச்சு, மாடியில பம்ப்பும் அப்பப்போ ஒரு நொடி ஓடி நின்னுச்சு. இங்கதான் பல பேர் கிளம்பிடுவாங்க, காரணம் கிடைச்சிடுச்சே, அப்புறம் என்னன்னு. மிச்சம் இருக்கிற கசிவையும் துரத்திப் பிடிக்கணும். ரெண்டாவது பாத்ரூம் வாஷ்பேசின்ல ஒத்தைக் கைப்பிடி மிக்சர், அதுக்குக் கீழ இருக்கிற ஹாட் ஆங்கிள் வால்வை (சுவர்ல இருந்து மிக்சருக்கு வர்ற தண்ணியை மூடுற சின்ன வால்வ்) மூடினோம், நூல் நின்னுச்சு, பம்ப்பும் அடங்குச்சு. கார்ட்ரிட்ஜை (கைப்பிடிக்குக் கீழ தண்ணியைத் தொறந்து மூடுற உள் பாகம்) கழட்டிப் பாத்தா அடியில இருக்கிற ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கி, தட்டுல மணல் கீறல். கைப்பிடி மூடியிருந்தாலும் உள்ளுக்குள்ள கோல்ட் வாசல்ல இருந்து ஹாட் வாசலுக்குத் தண்ணி கசிஞ்சிருக்கு, பேசின்ல ஒரு சொட்டு விழாம. இது மட்டும் தனியா இருந்திருந்தா பிரச்சனையைக் கண்டுபிடிக்கவே ரொம்ப கஷ்டமா இருந்திருக்கும், ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா ஹாட் லைனை ஆற வெச்சிருக்கும், அவ்ளோதான் தெரியும்.

செஞ்ச வேலை

கார்ட்ரிட்ஜ் புதுசு. பட்டன் வெச்ச ஹேண்ட் ஷவருக்குப் பதிலா பட்டன் இல்லாதது. பையன் கிட்ட கைப்பிடியை மூடச் சொன்னா போதாதான்னு கேட்டாங்க, சொல்லலாம், ஆனா வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கு யார் சொல்றது? பழக்கத்தை நம்பி ஒரு லைனை ஓட்டுறது எனக்குப் பிடிக்காது. அதனால அந்த மிக்சருக்குப் போற ஹாட், கோல்ட் ரெண்டு பக்கமும் சின்ன நான்-ரிட்டர்ன் வால்வும் போட்டோம், இனிமே யார் என்ன தொறந்து வெச்சாலும் தண்ணி ஒரு பக்கத்துல இருந்து இன்னொரு பக்கத்துக்குத் திரும்பிப் போகாது.

இதோட கலக்குறது நின்னுடுச்சு, ஆனா அழுத்த வித்தியாசம் அப்படியேதான் இருந்துச்சு, ஷவர்ல கோல்ட்டைத் துளி தொறந்தாலும் அது ஹாட்டை அமுக்கிடும். சரியான தீர்வு பம்ப் தண்ணியை கீசருக்கும் கொடுக்கிறதுதான், ரெண்டு பக்கமும் ஒரே பலம் வரும். கீசர் வெடிச்சிடும்னு சொன்ன பயத்துக்கு பதில் கீசர் நேம் பிளேட்லயே இருந்துச்சு, 8 பார். பம்ப் கொடுக்கிறது 1.5. ஆனா எல்லா கீசரும் இப்படி இல்ல, அவுட்லெட் எப்பவும் தொறந்தே இருக்கணும்னு சொல்ற சின்ன கீசருங்க இருக்கு, சோலார் ஹீட்டர்ல வென்ட் பைப் வானத்தைப் பாத்து தொறந்திருக்கும், அதுக்கெல்லாம் பம்ப் கொடுக்கக் கூடாது. நேம் பிளேட்டைப் படிக்காம யார் சொன்னாலும் செய்யாதீங்க.

சோலார்னு சொன்னதால ஒரு குறிப்பு. கோல்ட் பக்கம் பம்ப் வெச்ச வீட்டுல இதே கலப்பு நடந்தா சோலார் டேங்க் வென்ட் பைப் வழியா மாடியில தண்ணி கொட்டும், யாரும் டேப் தொறக்காத நேரத்துல கொட்டினா முதல் சந்தேகம் கீழ இருக்கிற மிக்சர் மேலதான் வரணும். கேஸ் உடனடி ஹீட்டர் வீட்டுல வேற மாதிரி தெரியும்: டேப்புக்கு வேண்டிய தண்ணியில பாதி குறுக்கு வழியா வந்துடும், ஹீட்டர் வழியா போற தண்ணி குறைஞ்சிடும், பர்னர் பத்துறதுக்கு வேண்டிய குறைஞ்சபட்ச ஓட்டம் கிடைக்காம அது பத்தவே பத்தாது, எல்லாரும் பேட்டரியை மாத்திகிட்டே இருப்பாங்க.

எங்க சோதனையில தண்ணி ஒழுங்கா நின்னிருந்தா, அதாவது கலப்பு இல்லன்னு தெரிஞ்சிருந்தா நான் அடுத்து பாத்திருக்க வேண்டியது கீசரோட அவுட்லெட் பைப்பைத்தான். அது டேங்க் உச்சி வரைக்கும் உள்ள ஏறியிருக்கும், அரிச்சு பாதியில ஓட்டை விழுந்தா அடியில இருக்கிற பச்சத்தண்ணியையும் சேத்து உறிஞ்சும், கொஞ்சம் சூடா வந்துட்டு சட்டுனு வெதுவெதுப்பாயிடும். புதுசா மாட்டின கீசர்ல இதே அறிகுறி இருந்தா இன்லெட் அவுட்லெட் மாத்தி மாட்டியிருக்காங்களான்னு பாக்கணும். இந்த ரெண்டுக்கும் நம்ம கேஸுக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு, இதுல தண்ணி எடுத்த உடனே இண்டிகேட்டர் எரிஞ்சிடும்.

வேலை முடிஞ்ச அப்புறம்

பழையபடி கீசர் வால்வை மூடி கிச்சன் டேப்பைத் தொறந்தோம், கொஞ்சம் வந்துட்டு நின்னுச்சு, பம்ப் சத்தமே இல்ல. வால்வைத் தொறந்து, டேப்ல தண்ணி காத்து இல்லாம வர்றதைப் பாத்த அப்புறம்தான் கரண்ட் கொடுத்தோம், டேங்க் காலியா இருக்கும்போது ஆன் பண்ணினா புது எலிமெண்ட் அந்த நிமிஷமே கருகிடும். சூடேறின அப்புறம் கிச்சன்ல 57 டிகிரி. கொஞ்சம் எடுத்த உடனே இண்டிகேட்டர் எரிஞ்சுது, அதைப் பாத்தப்ப எனக்கு 57 டிகிரியை விட அதுதான் நிம்மதி.

அக்கா கிட்ட ஒண்ணு அழுத்திச் சொன்னேன். இவ்ளோ நாளா ஹாட் டேப்ல வெதுவெதுன்னு வந்த தண்ணிக்குக் கை பழகிப்போச்சு, இப்போ வர்றது நிஜமான சுடுதண்ணி, 60 டிகிரி தண்ணி பட்டா பெரியவங்களுக்கே 5 செகண்ட்ல தோல் வெந்துடும், வீட்டுல வயசான அப்பாவும் இருக்காரு, குழந்தைகளுக்கும் வயசானவங்களுக்கும் இன்னும் சீக்கிரம். முதல்ல கோல்ட்டைத் தொறந்துட்டு அப்புறம் ஹாட்டைச் சேக்கச் சொல்லுங்கன்னேன்.

பம்ப் தண்ணி கீசருக்கும் போற மாதிரி லைனை மாத்தி கொஞ்ச நாள் கழிச்சு அக்கா கூப்பிட்டாங்க, கீசர் கீழ இருக்கிற சேஃப்டி வால்வ்ல இருந்து தண்ணி சொட்டுது, பிளம்பர் ஒரு பிளக் போட்டு அடைச்சிடலாம்னு சொல்றாருன்னு. தயவுசெஞ்சு அடைக்க விடாதீங்கன்னு சொன்னேன். தண்ணி சூடேறும்போது விரியும், 25 லிட்டரை 25ல இருந்து 60 டிகிரிக்கு ஏத்தினா கிட்டத்தட்ட 350 மில்லி கூடும். உள்ள வர்ற வழியில நான்-ரிட்டர்ன் வால்வ் இருக்கு, மிக்சர் வழியா கோல்ட் லைனுக்குப் போற வழியையும் நாம அடைச்சாச்சு, அந்த 350 மில்லி வெளிய வர வேற இடம் இல்ல. சூடேறுற நேரத்துல மட்டும் சொட்டி, இண்டிகேட்டர் அணைஞ்ச அப்புறம் நின்னுச்சுன்னா வால்வ் வேலை செய்யுதுன்னு அர்த்தம், அதை அடைச்சா அழுத்தம் டேங்க் மேலதான் ஏறும், தெர்மோஸ்டாட்டும் ஒட்டிகிட்ட ஒரு நாள்ல அது உயிருக்கே ஆபத்து. கீசர் ஆஃப்ல இருக்கும்போதும் விடாம சொட்டினா மட்டும் வால்வ் சீட்ல உப்பு உக்காந்திருக்கு, இல்லன்னா லைன் அழுத்தம் அதிகம்; உப்புன்னா வால்வை மாத்தணும், அழுத்தம்னா அதைக் குறைக்கணும். அவங்க வீட்டுல சூடேறும்போது மட்டும்தான் சொட்டுச்சு, வால்வ் வாய்ல ஒரு சின்ன ஹோஸ் மாட்டி தரையில இருக்கிற தண்ணி போற ஓட்டைக்கு விட்டிருக்காங்க, ஹோஸ் முனையை எதுலயும் முங்க விடாம, மடிஞ்சு அடைபடாம தொறந்தே வெச்சிருக்காங்க.